திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு: யாருக்கான ‘பாதுகாப்பு’?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். 1942இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது, பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள், இந்தியாவுக்கா சீனாவுக்கா அமெரிக்காவுக்கா என்ற முடிவில்லாத விவாதம் என்று பத்திரிகைப் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. ஆனால், அந்தத் துறைமுகத்தின் வாசலில், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு.

அங்கே இருப்பது ஒரு பள்ளத்தாக்கு. இலங்கையைச் சூழ்ந்த கடலில் உள்ள கடலடிப் பள்ளத்தாக்குகளில் மிகப் பெரியது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கி வங்காள விரிகுடாவை நோக்கி இறங்குகிறது. கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றர்களாகிவிடும். வெளியே போகப்போக அது மூவாயிரம் மீற்றரையும் தாண்டும். நாட்டின் மிக நீளமான நதியான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் கலப்பதும் இதே கொட்டியாரக் குடாவில்தான். மலையகத்தின் மண்ணும் சத்தும் கடைசியாக வந்து சேரும் இடம் என்று இதைச் சொல்லலாம்.

2015 மார்ச்சில் கொழும்பில் ஒரு கூட்டம் நடந்தது. உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையின் கீழ், வடகிழக்கு இந்து சமுத்திர நாடுகளின் நிபுணர்கள் கூடி, தத்தம் கடற்பரப்புகளில் அறிவியல் ரீதியாகத் தனித்துவமான இடங்கள் எவை என்று மதிப்பிட்டார்கள். இலங்கையைச் சார்ந்து தெற்கில் காலிக்கும் யால தேசிய பூங்காவுக்கும் இடைப்பட்ட கடலும், மன்னார் வளைகுடாவும், ‘திருகோணமலைப் பள்ளத்தாக்கும் அதனோடு இணைந்த சூழல் தொகுதிகளும்’ அங்கே விபரிக்கப்பட்டன. 2016 டிசம்பரில் மெக்சிக்கோவின் கன்கூன் நகரில் நடந்த உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டுக்கு அந்த விபரிப்புகள் போயின. அதன் பின்னர் திருகோணமலைப் பள்ளத்தாக்கு, ‘சூழலியல் அல்லது உயிரியல் முக்கியத்துவம் வாய்ந்த கடற்பகுதி’ என்ற சர்வதேசப் பட்டியலில் இடம்பிடித்தது.

பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. மூதூரிலோ கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ கடற்றொழில் செய்பவர்களிடம் இந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரு கடலை அறிவியல் ரீதியாக மதிப்பிடுவது அவசியம். ஆனால், அந்த மதிப்பீட்டில் திமிங்கிலம் இருந்து மனிதர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நாம் ஏற்கனவே தரையில் பார்த்திருக்கிறோம்.

அறிவியல் என்ன சொல்கிறது?

முதலில் இந்த மதிப்பீடு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். 2008இல் ஜேர்மனியின் பொன் நகரில் உடன்படிக்கை நாடுகள் ஏழு அளவுகோல்களை ஏற்றுக்கொண்டன. அந்த இடம் தனித்துவமானதா அல்லது அரிதானதா, உயிரினங்களின் வாழ்க்கை வட்டத்தில் அதற்கு விசேட பங்கு உண்டா, அருகிவரும் இனங்கள் அங்கே தங்கியிருக்கின்றனவா, குலைந்தால் மீள நீண்டகாலம் எடுக்குமா, உற்பத்தித்திறன் எப்படி, பல்வகைமை எப்படி, மனிதத் தலையீடு எவ்வளவு குறைவு என்பவையே அந்த ஏழு. ஓர் இடம் ஏழிலும் தேற வேண்டியதில்லை. கிடைக்கும் ஆதாரங்களை வைத்து ஒவ்வொன்றிலும் அது உயர்வா, நடுத்தரமா, தாழ்வா என்று நிபுணர்கள் குறிக்கிறார்கள்.

திருகோணமலை ஏன் தேறியது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கடலடிப் பள்ளத்தாக்கு, ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருவதற்கு வழி செய்கிறது. மேலே வந்த சத்தில் நுண்தாவரம் பெருகுகிறது. அதை உண்ண நுண்விலங்குகளும் சின்ன இறால் வகைகளும் வருகின்றன. அவற்றைத் தேடி மீன்கள் வருகின்றன, பூமியில் வாழ்ந்தவற்றிலேயே மிகப் பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலமும் வருகிறது. ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கோ ஆழம்தான் வேட்டைக்களம். ஆயிரம் மீற்றருக்கும் கீழே மூச்சை அடக்கிப் போய்க் கணவாய்களைப் பிடித்து உண்ணும் விலங்கு அது. அவ்வப்போது பொலிஸ் செய்திகளில் அடிபடும் ‘அம்பர்’ இந்தத் திமிங்கிலத்தின் குடலில் உருவாவதுதான். பல நாடுகளில் இந்த விலங்குகளைப் பார்க்க நடுக்கடலுக்குப் போக வேண்டும். இங்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் இருந்தே, அதிர்ஷ்டம் இருந்தால், நீலத் திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்த்தூணைப் பார்க்கலாம். ஆழம் கரைக்கு அவ்வளவு கிட்டே வந்திருக்கிறது.

வட இந்து சமுத்திரத்தின் நீலத் திமிங்கிலங்களுக்கு இன்னொரு விசேடமும் உண்டு. உலகின் ஏனைய நீலத் திமிங்கிலங்கள் பல துருவப் பகுதிகளின் குளிர்நீருக்கு உணவு தேடிப் போகின்றன. இவை அப்படிப் போவதில்லை. வெப்பவலயக் கடலிலேயே ஆண்டு முழுவதும் வாழ்ந்து, உண்டு, குட்டி ஈனுகின்றன. இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் தெற்கில் செய்த ஆய்வுகள் இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. இந்தத் திமிங்கிலங்கள் முதன்மையாக உண்பது துருவக் கடல்களின் கிரில் அல்ல, ஒருவகைச் சின்ன இறால் என்பதையும் அவரும் சக ஆய்வாளர்களும் 2018இல் காட்டினார்கள். வேறெங்கும் போகாத விலங்குக்கு இந்தக் கடல் கெட்டுப்போனால் மாற்று வீடு இல்லை.

போர் விழுங்கிய முப்பது ஆண்டுகள்

தெற்குக் கடலைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கையில் கிழக்கைப் பற்றி ஏன் குறைவாகத் தெரிகிறது? தொடக்கம் கிழக்கில்தான் இருந்தது. இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னர், ‘டியூலிப்’ என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இலங்கைக் கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் உணவு உண்பதைப் பதிவு செய்தார்கள், தனித்தனி விலங்குகளைப் படம் பிடித்து அடையாளம் கண்டார்கள். பின்னர் போர் வந்தது. கிழக்குக் கடல் ஆய்வாளருக்கு மட்டுமல்ல, அங்கே பிறந்தவருக்கே மூடப்பட்டது. திமிங்கில ஆய்வும் திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலாவும் தெற்கில் மிரிஸ்ஸ கரையில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன்வளத்தின் கதையும் அப்படித்தான். நோர்வேயின் ‘டொக்டர் பிரிட்யொஃப் நான்சென்’ ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலை அளந்தது. அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் அடுத்த முழு அளவிலான ஆய்வுக்கு வந்தது 2018இல். நடுவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கான அடிப்படைக் கணக்கே ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போனது.

போர் முடிந்த பின்னர் ஆய்வுக்குக் குறுக்கே இன்னொன்று வந்திருக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும், 2023 ஒக்டோபரில் ‘ஷி யான் 6’ கொழும்புக்கு வந்தபோதும் எழுந்த புயல் நினைவிருக்கும். இந்தியாவின் கவலைகளுக்கு மத்தியில், 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று அன்றைய அரசாங்கம் முடிவெடுத்தது. 2025இல் ஐக்கிய நாடுகளின் கொடியோடு இயங்கும் நான்சென் கப்பலின் வருகைகூட, அனுமதி நடைமுறை தொடர்பான இழுபறியில் சிக்கிச் செய்தியானது. கடலின் அடியை அளக்கும் கருவி நீர்மூழ்கிக்கும் வழிகாட்டும் என்பது உண்மைதான். ஆனால், சந்தேகத்துக்குரிய கப்பலையும் மீன் எண்ண வந்த கப்பலையும் ஒரே கதவால் அடைத்தால், நட்டம் பீஜிங்குக்கோ புதுடில்லிக்கோ அல்ல. தன் கடலில் என்ன இருக்கிறது என்று தெரியாத நாடாக நாம்தான் இருப்போம்.

அந்த அறியாமைக்கு விலை உண்டு. 2021 மே மாதத்தில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. நூற்றுக்கணக்கான தொன் பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. அந்த விபத்து நடந்தது, நாட்டிலேயே ஒப்பீட்டளவில் கூடுதலாக அறியப்பட்ட மேற்குக் கடலில். இதேபோன்ற ஒன்று திருகோணமலைக்கு வெளியே நடந்தால், ‘முன்னர் இங்கே இவ்வளவு இருந்தது’ என்று எதை வைத்து நிறுவுவது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மகாவலிப் படுகை வெள்ளக்காடானது. அந்த வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் எதைக் கொண்டுவந்து கொட்டியது, அது பள்ளத்தாக்கின் வழியே எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்று அறியவும் முந்திய அளவீடு வேண்டும். மதிப்பீடு என்பது பாதுகாக்கப்பட்ட பகுதி ஒன்றை அறிவிப்பதற்கான முன்னோட்டம் மட்டுமல்ல. அது நட்டத்தைக் கணக்கிடுவதற்கான கணக்குப் புத்தகமும்கூட.

ஒரு சொல், பல நினைவுகள்

ஊடகக் கற்கையில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டவற்றில் ஒன்று, ஒரு சொல்லுக்கு அகராதியில் இருக்கும் பொருளும் அதைக் கேட்பவரின் நினைவில் இருக்கும் பொருளும் வேறு வேறாக இருக்கலாம் என்பது. இந்த விடயத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது அது மறுபடியும் நினைவுக்கு வந்தது. நாட்டைக் காப்பது, ஒழுங்கைக் காப்பது, இயற்கையைக் காப்பது ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. நமக்கு எல்லாமே ‘பாதுகாப்பு’. பாதுகாப்பு அமைச்சும் பாதுகாப்புதான், உயர் பாதுகாப்பு வலயமும் பாதுகாப்புதான், பவளப்பாறையைக் காப்பதும் பாதுகாப்புதான். ‘உங்கள் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கப் போகிறோம்’ என்று திருகோணமலை மாவட்டத்தில் ஒருவரிடம் சொன்னால், அவர் மனதில் முதலில் வருவது திமிங்கிலமாக இருக்காது.

அதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்குக் கடலில் எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதையெல்லாம் கடற்படை தீர்மானித்தது. பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்க முடியாது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது, பின்னர் கைத்தொழிலுக்கான வலயமானது, பின்னர் அனல் மின்நிலையத்துக்கான இடமானது. 2015இல்தான் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். 2016இல் அனல் மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. போருக்குப் பின்னர் காடுகளும் வயல்களும் வன, வனஜீவராசிகள், தொல்பொருள் திணைக்களங்களின் வரைபடங்களுக்குள் போன கதையை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் ஒரு வரைபடத்தில் கோடு விழுகிறது, வர்த்தமானி வெளிவந்த பின்னர்தான் ஊருக்குத் தெரிகிறது. இந்த அனுபவத்தின் மேல்தான் கடலுக்கான எந்தப் புதிய கோடும் விழப்போகிறது.

கடலிலேயே உதாரணம் வேண்டுமானால், நிலாவெளிக்கு நேரே இருக்கும் புறா மலையைப் பாருங்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா, பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டெயர். தேசிய பூங்கா என்றால் அதற்குள் மீன்பிடிக்கக் கூடாது. ஆனால், நுழைவுச்சீட்டு எடுத்த சுற்றுலாப் பயணி போகலாம். பருவகாலத்தில் படகு படகாகப் போகிறார்கள், ஆழம் குறைந்த இடத்தில் பவளத்தின் மேல் கால் படுகிறது. பூங்கா தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமலிருந்தால் அந்தப் பவளம் இன்னும் மோசமாகியிருக்கலாம். ஆனால், வலை போட்டவர் வெளியே, காலணி போட்டவர் உள்ளே என்ற காட்சி, பாதுகாப்பு யாருக்காக என்ற கேள்வியைக் கரையில் நிற்பவரிடம் எழுப்பாமல் இருக்காது.

கோடு விழுந்தால் அது நிலைக்கும் என்பதும் நிச்சயமில்லை. மன்னாரில் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. கண்டலும் கடற்புல்லும் நிறைந்த பகுதி அது. 2024 மே மாதத்தில், நீரியல் வளர்ப்புக்காக அதில் 168 ஹெக்டெயரை விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சிறு தொழிலாளிக்கு மூடப்படும் கோடு முதலீட்டாளருக்குத் திறக்குமானால், அந்தக் கோட்டை அறிவியலின் பெயரால் யாரும் நியாயப்படுத்த முடியாது.

உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது?

மதிப்பீடு நேர்மையாகச் செய்யப்பட்டால் அது கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். திருகோணமலைக் கடலின் திமிங்கிலங்களுக்கும் மீன்வளத்துக்கும் ஆபத்து எங்கிருந்து வருகிறது? வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய இருபது அடிப் படகில் தூண்டில் போடுபவரிடமிருந்தா?

தெற்கின் அனுபவம் வழிகாட்டுகிறது. தெவுந்தர முனைக்குத் தெற்கே உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. அது நீலத் திமிங்கிலங்கள் உணவு தேடும் இடத்துக்கு நேர் மேலே போகிறது. அந்தப் பாதையை 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதல் ஆபத்து 95 வீதம் குறையும் என்று 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2022இல் எம்.எஸ்.சி. என்ற உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம், எந்த அரசின் உத்தரவும் இல்லாமல், தன் கப்பல்களை அப்படியே தெற்கே நகர்த்தியது. நல்ல மதிப்பீடு என்ன செய்யும் என்பதற்கு இது உதாரணம். அது ‘கடலை மூடு’ என்று சொல்லவில்லை. ஆபத்து எங்கே, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், யாரால் என்று துல்லியமாகச் சொன்னது. ஒரு மீனவரின் தொழிலும் பறிபோகவில்லை.

திருகோணமலையில் இன்று கப்பல் நெரிசல் தெற்கைப்போல் இல்லை. ஆனால், வரப்போகிறது. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்களை இந்தியாவுடன் சேர்ந்து அபிவிருத்தி செய்யும் உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் ஒப்பமிட்டன. எண்ணெய்க் கப்பல்கள் வந்து போகும் வழி, பள்ளத்தாக்கின் மேல்தான். துறைமுகம் எதனால் ஆழமாக இருக்கிறதோ, அதனால்தான் திமிங்கிலமும் இங்கே வருகிறது. கப்பலுக்கும் திமிங்கிலத்துக்கும் வேண்டியது ஒரே ஆழம். அப்படியானால், கப்பல் பாதையும் வேகக் கட்டுப்பாடும் எண்ணெய்க் கசிவுக்கான ஆயத்தமும் இப்போதே, திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே, மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் வரவேண்டும். எல்லாம் கட்டி முடிந்த பிறகு திமிங்கிலத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கரைவலைக்காரரிடம் கேட்பது எளிது. எளிதாக இருப்பதாலேயே அது நடந்துவிடும் என்பதுதான் என் பயம்.

அதற்காகக் கடற்றொழிலைக் குற்றமற்றதாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. இந்து சமுத்திரத்தில் சூரை பிடிக்கப் போடப்படும் செவுள்வலைகளில் 1950க்கும் 2018க்கும் இடையில் 41 இலட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கி மடிந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. இந்த வலைகளைப் பெருமளவில் பயன்படுத்தும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. திருகோணமலை மாவட்டத்திலேயே டைனமைட் போட்டு மீன்பிடிப்பதும், தடைசெய்யப்பட்ட வலைகளும் ஆண்டாண்டாகத் தொடரும் பிரச்சினைகள். இவற்றால் முதலில் பாதிக்கப்படுவது, சட்டத்துக்கு உட்பட்டுத் தொழில் செய்யும் பக்கத்து வள்ளக்காரர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகங்களும் ஒரே குடாவில் தொழில் செய்யும் மாவட்டம் இது. பருவகாலத்தில் வெளியூர்ப் படகுகளும் வருகின்றன. ஒரு வலைக்கான தடையும், ஓர் இறங்குதுறைக்கான அனுமதியும் இங்கே வெறும் மீன்பிடி விவகாரமாக இருப்பதில்லை. எந்தச் சமூகத்தின் வலை தடைசெய்யப்படுகிறது, எந்தச் சமூகத்தின் வலை கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறிவியல் நடுநிலையானது என்று சொன்னால் மட்டும் போதாது, கரையில் நிற்பவருக்கு அது தெரியவும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பட்டியலில் பெயர் வந்ததால் எந்தச் சட்டக் கடப்பாடும் வருவதில்லை. அது அறிவியல் விபரிப்பு மட்டுமே. என்ன நடவடிக்கை எடுப்பது என்பது முற்றிலும் அந்தந்த நாட்டின் கையில். இதைப் பலவீனம் என்று சூழலியலாளர்கள் சொல்வதுண்டு. கிழக்கில் இருந்து பார்த்தால் இது ஒரு வாய்ப்பும்கூட. கோடு இன்னும் விழவில்லை. எப்படி விழ வேண்டும் என்று பேச நேரம் இருக்கிறது.

ஆனால், நேரம் முடிவில்லாதது அல்ல. 2022 டிசம்பரில் மொன்ட்ரியலில், 2030க்குள் உலகின் தரையிலும் கடலிலும் 30 வீதத்தைப் பாதுகாப்பதென்று நாடுகள் ஒப்புக்கொண்டன. இலங்கையின் பிரத்தியேக பொருளாதார வலயம் 5 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் அதிகம், தரைப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. அதில் இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்டிருப்பது ஒரு வீதத்தைக்கூட எட்டவில்லை. காலக்கெடு நெருங்கும்போது, ஏற்கனவே சர்வதேசப் பட்டியலில் இருக்கும் இடங்களின் மேல் அவசரமாகக் கோடு போடும் ஆசை எந்த அரசாங்கத்துக்கும் வரும். திருகோணமலை அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது.

சட்டத்தில் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசிய பூங்காவாக்கினால் பொறுப்பு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகும், தொழில் நிற்கும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல்வளங்கள் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு கடற்பகுதியைக் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து, தொழில் செய்பவர்களையும் கொண்ட குழு மூலம் முகாமை செய்ய அது இடம் தருகிறது. பள்ளத்தாக்கு போன்ற ஓர் இடத்துக்கு ஒரே வழியும் பொருந்தாது. ஆழமான பகுதியில் கப்பல் பாதைக்கும் செவுள்வலைக்கும் கட்டுப்பாடு, திமிங்கிலம் கூடும் மாதங்களில் சுற்றுலாப் படகுகளுக்கு ஒழுங்கு, கரையோரத்தில் சிறு தொழிலுக்கு உத்தரவாதம் என்று அடுக்கடுக்காக யோசிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லக்கூடியது நல்ல மதிப்பீடு ஒன்றுதான்.

நல்ல மதிப்பீடு என்று நான் சொல்வது, எதிரொலிக் கருவியும் செய்மதித் தரவும் மட்டும் கொண்ட ஒன்றை அல்ல. கோபுரத்தையும் மலையையும் வெளிச்சவீட்டையும் நேர்கோட்டில் வைத்து நடுக்கடலில் இடம் பிடிப்பவர்களின் அறிவும் ஓர் அளவீடுதான். எந்த மாதம் நீரோட்டம் மாறும், எந்தப் பார் எப்போது வெறுமையானது, போருக்கு முன்னர் எங்கே என்ன பட்டது, வாடைக்காற்றுக் காலத்தில் எது வராமல் போனது என்பதெல்லாம், ஆய்வுக் கப்பல் வராத அந்த நாற்பது ஆண்டுகளுக்கு நமக்கு இருக்கும் மிகப் பெரிய பதிவு. அதைக் கொண்டவர்கள் முதியவர்கள். அவர்கள் போனால் அந்தத் தரவும் போய்விடும். நாராவும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும், மீனவர் சங்கங்களும் சேர்ந்து இதைத் தொகுக்க, வெளிநாட்டுக் கப்பலும் வேண்டாம், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டாம்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதும் ஒரு சிக்கல். 13ஆவது திருத்தத்தின்படி ஆட்புலக் கடலுக்கு உட்பட்ட கடற்றொழில், மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான விடயம். அதற்கு அப்பால் மத்திக்கு மட்டும். பள்ளத்தாக்கு மூதூரின் வாசலில் தொடங்கி, அந்த 12 கடல்மைல் எல்லையைத் தாண்டிப் போகிறது. எனவே மாகாணத்துக்கு இதில் பேச இடம் உண்டு. ஆனால், கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பின்னர் தேர்தல் நடக்கவில்லை. சட்டப்படி கருத்துச் சொல்லவேண்டிய கதிரைகள் வெறுமையாக இருக்கின்றன. அந்த வெற்றிடத்தில் எடுக்கப்படும் எந்த முடிவும், எவ்வளவு நல்ல அறிவியலாக இருந்தாலும், மேலிருந்து இறங்கியதாகத்தான் தெரியும்.

ஆகவே, கடற்றொழில் அமைச்சிடமும் சுற்றாடல் அமைச்சிடமும் கேட்கக்கூடிய முதல் விடயம் பெரியதல்ல. திருகோணமலைப் பள்ளத்தாக்கு பற்றி இலங்கை 2015இல் உலகுக்குச் சொன்னதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். அதை மூதூர், கிண்ணியா, கொட்பே, நிலாவெளி, புல்மோட்டை மீனவர் சங்கங்களின் மேசைக்குக் கொண்டுபோங்கள். வரைபடத்தை விரித்து, இதில் எது தவறு, எது விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். மொழிபெயர்க்கும்போது ‘பாதுகாப்பு’ என்று எழுதாமல் ‘பேணல்’ என்று எழுதலாம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் பெயரில் அந்தச் சொல் ஏற்கனவே இருக்கிறது. ஆனால், சொல்லை மாற்றுவதால் மட்டும் நம்பிக்கை வராது. கோடு போடும் பென்சில் அந்த மேசையிலும் ஒருமுறை வைக்கப்பட்டால்தான் வரும்.